இணையப் பகிர்வும் பாயிர மரபும்: கோலசிலாங்கூர்த் தோட்டப்புறப் பக்கங்களை முன்வைத்து

முன்னுரை

இணையத்தில் உள்ள ஒரு பக்கத்தை இன்று பலர் அதன் முகப்பு வழியாகச் சென்று காண்பதில்லை. வாட்ஸ்அப் எனும் புலனத்திலோ முகநூலிலோ யாரோ ஒருவர் அப்பக்கத்தின் முகவரியை அனுப்புகிறார். முகவரியோடு சேர்ந்து ஒரு சிறு கட்டம் தோன்றுகிறது. அதனுள் ஒரு படம், ஒரு தலைப்பு, ஓரிரு வரி விளக்கம், தளத்தின் பெயர் ஆகியன இருக்கும். அக்கட்டத்தைக் கண்ட பின்னரே பக்கத்தைத் திறப்பதா, கடந்து செல்வதா என்பதை வாசகர் முடிவு செய்கிறார். இக்கட்டத்தை இக்கட்டுரையில் ‘முன்காட்சி அட்டை’ எனக் குறிப்பிடுகிறோம்.

இவ்வட்டையில் இடம்பெறும் சொற்களையும் படத்தையும் முடிவு செய்பவர் யார் என்னும் வினாவைத் தமிழாசிரியர் பலர் எழுப்பியதில்லை. முகநூலோ புலனமோ தம் விருப்பப்படி அமைத்துக் கொள்கின்றன என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மை அதுவன்று. பக்கத்தை உருவாக்கியவரே அதனை எழுதித் தர இயலும். அவர் எழுதாது விட்ட இடத்தில்தான் இயந்திரம் ஊகிக்கத் தொடங்குகிறது. இதனை விளக்குவதும், தமிழ்ப் பக்கங்களுக்கு இதனால் நேரும் இழப்பைச் சுட்டுவதும், அதனைக் களையும் வழிகளைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலசிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தையும் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பெரட்டுக் களத்தில் நின்ற மக்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபின் பல ஊர்களுக்குச் சிதறினர். அவர்களுள் பலரை இன்று மீண்டும் இணைப்பவை தோட்டத்தின் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ இயங்கும் புலனக் குழுக்களே. இத்தகைய குழுக்களில் முன்காட்சி அட்டை என்பது பக்கத்தின் விளம்பரம் மட்டுமன்று. நம்மவர் செய்தி இது என அடையாளம் காட்டும் முகமும் அதுவேயாகும்.

பாயிரமும் முன்காட்சி அட்டையும்

நூலுக்கு முன் நின்று நூலை அறிமுகம் செய்யும் பகுதியைத் தமிழ் இலக்கண மரபு பாயிரம் என வழங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், முகவுரை, அணிந்துரை, புனைந்துரை முதலிய பெயர்களையும் அதற்குத் தருகிறார். பாயிரம் இல்லாதது நூலாகாது என்பதும் அவர் கருத்து. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவை எட்டு. நூலின் பெயர், இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, அமைப்பாகிய யாப்பு, கூறக் கருதிய பொருள், கேட்பதற்குரியோர், கற்பதால் விளையும் பயன் என்பன அவை. காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு.

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் அளித்த சிறப்புப்பாயிரத்தைப் பயின்றோர், நூலைத் திறக்கும் முன்னரே அதன் பெயரையும் ஆசிரியரையும் நிலவெல்லையையும் அரங்கேறிய அவையையும் கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசானையும் அறிந்துகொள்கின்றனர். எதனைக் கற்கப் போகிறோம் என்னும் தெளிவோடு அவர்கள் நூலுக்குள் நுழைகின்றனர்.

முன்காட்சி அட்டை செய்யும் பணியும் இதுவே. தலைப்பு நூற்பெயராகிறது. தளத்தின் பெயர் ஆக்கியோனைக் காட்டுகிறது. விளக்க வரி நுதலிய பொருளையும் கேட்போரையும் பயனையும் உணர்த்த வல்லது. படம் எல்லையையும் களனையும் ஒரு நோக்கில் காட்டிவிடும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிறப்புப்பாயிரம் தருவதற்குரியோர் நூலாசிரியரின் ஆசிரியர், உடன்பயின்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது இதன் அடிப்படை. முன்காட்சி அட்டையையோ பக்கத்தை உருவாக்கியவரே எழுத வேண்டியுள்ளது. ஆகவே மிகைப்படுத்தாமை அவருடைய கூடுதல் கடமையாகிறது. உள்ளே இல்லாத ஒன்றை அட்டையில் காட்டி வாசகரை இழுப்பது பாயிர மரபுக்கும் ஆசிரியப் பணிக்கும் ஒவ்வாது.

அட்டை உருவாகும் முறை

2010 ஏப்ரலில் முகநூல் நிறுவனம் ‘ஓப்பன் கிராப்’ என்னும் நெறிமுறையை அறிமுகப்படுத்தியது. ஒவ்வோர் இணையப் பக்கத்திற்கும் வாசகர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தலைப்பகுதி உண்டு. அப்பகுதியில் சில குறிச்சொற்களை எழுதி வைத்தால், பகிர்வுத் தளங்கள் அவற்றைப் படித்து அட்டையை அமைக்கும். தலைப்பு, வகை, படம், நிலைமுகவரி ஆகிய நான்கும் இந்நெறிமுறையில் கட்டாயமானவை. விளக்கம், தளத்தின் பெயர், மொழி ஆகியன விருப்பத்திற்குரியவை. 2012இல் டுவிட்டர் தனக்கென ஓர் அட்டை முறையை வகுத்தது. ஆயினும் தன் குறிச்சொற்கள் இல்லாதபோது ஓப்பன் கிராப் குறிச்சொற்களையே அது எடுத்துக்கொண்டது. இன்று எக்ஸ் என வழங்கும் அத்தளமும் புலனமும் லிங்க்ட்இனும் டெலிகிராமும் இக்குறிச்சொற்களைப் படிக்கின்றன. ஒருமுறை எழுதினால் பல இடங்களில் பயன்படும் என்பது இதன் சிறப்பு.

குறிச்சொற்கள் இல்லாத பக்கத்தைப் பகிர்ந்தால் என்ன நிகழும்? உலாவியின் மேற்பட்டையில் தோன்றும் பெயரைத் தலைப்பாகவும், பக்கத்தில் அகப்படும் ஏதேனும் ஒரு படத்தை அட்டைப் படமாகவும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அப்படம் பள்ளியின் சின்னமாக இருக்கலாம். வடிவமைப்போடு வந்த மாதிரிப் படமாகவும் இருக்கலாம். விளக்க வரி வெறுமையாகவே நின்றுவிடுவதும் உண்டு.

பகிர்பவர் இக்குறையைத் திருத்த இயலுமா என்னும் கேள்வி எழலாம். முன்பு முகநூலில் இணைப்பைப் பகிர்பவரே தலைப்பையும் படத்தையும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. பிறருடைய செய்திக்குப் பொய்த் தலைப்பிட்டுப் பரப்புவோர் பெருகியமையால் 2017இல் அவ்வாய்ப்பை அந்நிறுவனம் நீக்கியது. ஆகவே பக்கத்தின் உரிமையாளர் செய்யாததை அன்புள்ள வாசகர் செய்துதர இயலாது. பொறுப்பு முழுவதும் எழுதியவரையே சாரும்.

ஒரு பட்டறிவு

சில ஆண்டுகளுக்கு முன்னர், வட சிலாங்கூரில் மூடப்பட்ட ஒரு தோட்டப் பள்ளியைப் பற்றிய நினைவுக் குறிப்புகளையும் பழைய நிழற்படங்களையும் திரட்ட முற்பட்டோம். இதற்கென ஓர் இணையப் பக்கத்தை நாமே அமைத்தோம். பள்ளியின் வரலாறு, பணியாற்றிய ஆசிரியர்கள், நமக்குத் தேவைப்படும் படங்கள் எனப் பக்கத்தின் உள்ளடக்கத்திற்குப் பல நாள் உழைத்தோம். அதன் முகவரியை அத்தோட்டத்தின் முன்னாள் குடியிருப்பாளர்களின் புலனக் குழுவில் பகிர்ந்தோம். பத்து நாள்களாகியும் ஒரு படமும் வரவில்லை.

காரணத்தைப் பின்னர் அறிந்தோம். அப்பள்ளியில் பயின்ற மூதாட்டி ஒருவரிடம் வேறு செய்தி குறித்துத் தொலைபேசியில் உரையாடியபோது, அவ்விணைப்பைக் கடன் தருவதாக ஏமாற்றுவோர் அனுப்பியது எனக் கருதி அழித்துவிட்டதாகக் கூறினார். அட்டையை மீண்டும் நோக்கினோம். தலைப்பு ‘ஹோம்’ என இருந்தது. விளக்கம் இல்லை. படத்தில் மேலுடை அணிந்த இருவர் அலுவலகம் ஒன்றில் கைகுலுக்கிக் கொண்டிருந்தனர். அது பக்க வடிவமைப்போடு வந்த மாதிரிப் படம். அதனை நாம் மாற்ற மறந்திருந்தோம். அம்மூதாட்டியின் ஐயம் முற்றிலும் முறையானதே. இணைய மோசடி மலிந்த இக்காலத்தில், முகந்தெரியாத இணைப்பைத் திறவாதீர்கள் என்றுதானே முதியோர்க்கு நாமும் அறிவுறுத்துகிறோம்.

தலைப்பில் தோட்டத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இட்டோம். பள்ளிக் கட்டடத்தின் பழைய படத்தைச் சேர்த்தோம். யாரிடமிருந்து எதனை வேண்டுகிறோம் என்பதை இரண்டு வரிகளில் எழுதினோம். பக்கத்தின் உள்ளே ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அவ்வாரமே முதற்படம் வந்தது. அனுப்பியவர் அம்மூதாட்டியே. வகுப்பு மாணவர் அனைவரும் ஆசிரியரைச் சூழ்ந்து நிற்கும் அப்படம், அழிக்கப்பட்ட அந்த முதல் அட்டையோடு நம்மை வந்தடையாமலே போயிருக்கக்கூடும்.

பெயர்களைத் தேர்தல்

மேற்கண்ட பட்டறிவு உணர்த்தும் முதற்பாடம் பெயர் பற்றியது. தோட்டப்புற மக்களுக்கு மாவட்டப் பெயரினும் தோட்டப் பெயரே நெருக்கமானது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் தம் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடியபோது, அவர்களைச் சுட்டும் பெயராக நிலைத்தது தோட்டப் பெயரே. வேலையும் குடியிருப்பும் மாறிய பின்னரும் பெயர் மாறவில்லை.

ஒரே இடத்திற்குப் பல பெயர்கள் வழங்குவதும் இங்கு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இளையோர் பின்னதை அறிவர். முதியோர் நாவில் முன்னதே நிற்கிறது. இருவரையும் நோக்கிய பக்கமாயின் விளக்க வரியில் இரு பெயர்களும் இடம்பெறுதல் நலம்.

அவ்வூரை அடுத்த தென்னமரம் தோட்டம் மற்றொரு சான்றாகும். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கொனியே 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குத் தொடங்கினார். மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. இத்தோட்டத்தின் பெயர் ஆவணங்களில் உரோமன் எழுத்திலேயே காணப்படுகிறது. தமிழ்ச் செவிக்கோ அது தென்னைமரமே. இத்தோட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதன் அட்டையை இயந்திரத்திடம் விட்டால், ‘ஹோம் – லாமான் ராஸ்மி’ என்பது போன்ற தலைப்போடு அது பகிரப்படும். ‘தென்னமரம் தோட்டம்: முதல் செம்பனை நட்ட மண்’ என நாமே தலைப்பிட்டு, ‘பெஸ்தாரி ஜெயா, பழைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் 1917இல் தொடங்கிய தோட்டத்தின் வரலாறும் அங்கு வாழ்ந்தோர் நினைவுகளும்’ என விளக்கம் தந்தால், நூற்பெயர், எல்லை, காலம், நுதலிய பொருள் ஆகிய நான்கும் அட்டையிலேயே அமைந்துவிடுகின்றன.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

பெயரைத் தேர்ந்த பின்னர் அதனை எழுத்தில் அமைக்குமிடத்துத் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது குறியாக்கம். ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர்த் தமிழ்ப் பக்கங்கள் பாமினி, தாப், தகுதரம் எனப் பல்வேறு குறியாக்கங்களில் எழுதப்பட்டன. பக்கத்தோடு எழுத்துருவும் இணைக்கப்பட்டிருந்ததால் வாசகர் அவற்றைத் தமிழாகவே கண்டனர். முன்காட்சி அட்டையோ பக்கத்தின் எழுத்துருவைத் தன்னோடு கொண்டு வருவதில்லை. பெறுபவரின் கைப்பேசியில் உள்ள எழுத்துருவிலேயே அது தோன்றும். எனவே பாமினியில் எழுதிய தலைப்பு அட்டையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகிவிடும். பழைய பள்ளி மலர்களையும் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றுவோர் அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

இரண்டாவது எழுத்தெண்ணிக்கை. ‘கோலசிலாங்கூர்’ என்னும் சொல்லில் நம் கணக்கில் ஏழு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி அலகுகள். ஆகவே கணினி அச்சொல்லைப் பதின்மூன்று அலகுகளாக எண்ணுகிறது. அலகுகளை எண்ணித் தலைப்பைத் துண்டிக்கும் மென்பொருள்களில் தமிழ்த் தலைப்பு நாம் எதிர்பார்க்கும் இடத்திற்கு முன்பே அறுந்துவிடும். தமிழ்ச் சொற்கள் ஒட்டி நீள்வன ஆதலின் கைப்பேசியின் குறுகிய திரையிலும் இதே நிலை நேர்கிறது. ஆகவே இன்றியமையாத சொல்லைத் தலைப்பின் முதலிலேயே வைத்தல் வேண்டும். ‘தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி’ எனத் தொடங்கிப் பள்ளியின் பெயரை இறுதியில் வைத்தால், எல்லாப் பள்ளிகளின் அட்டைகளும் ஒன்றுபோலத் தோன்றி, வேறுபடுத்தும் பெயர் மறைந்துவிடும்.

மூன்றாவது முகவரி. தமிழில் அமைந்த முகவரியை ஒட்டும்போது, ஒவ்வோர் அலகும் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது குறிகளாக விரிவதுண்டு. ‘கோலசிலாங்கூர்’ என்னும் ஒரு சொல் மட்டும் 117 குறிகளாகிவிடும். இதனைக் காண்பவர் அஞ்சுவது இயல்பே. இத்தகைய முகவரிக்குத் தெளிவான அட்டை அமைவது மிகவும் தேவையாகிறது.

நான்காவது மொழிக்குறி. ஓப்பன் கிராப் நெறிமுறையில் மொழியைக் குறிப்பிடாத பக்கம் அமெரிக்க ஆங்கிலமாகவே கொள்ளப்படும். தமிழுக்கு முகநூல் ஏற்கும் குறி இந்தியத் தமிழைச் சுட்டுவதாகும். மலேசியப் பக்கங்களும் அதனையே பயன்படுத்தலாம்.

படம் தேர்தல்

கோலசிலாங்கூர் என்றதும் கம்போங் குவாந்தான் மின்மினிகளும் புக்கிட் மெலாவாத்தியின் கலங்கரை விளக்கமும் நினைவுக்கு வருவது இயல்பு. சுற்றுலாப் படங்கள் எளிதில் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் தோட்டப் பள்ளியைப் பற்றிய பக்கத்திற்கு மின்மினிப் படம் இட்டால், அட்டை சுற்றுலா விளம்பரமாகத் தோன்றும். லயம், கோயில் முகப்பு, பள்ளிப் பெயர்ப்பலகை, பால்வாளி போன்றவற்றுள் ஒன்று இருந்தால் தோட்டத்தில் பிறந்தவர் கண் அங்கு நிற்கும்.

அகலம் 1200, உயரம் 630 படப்புள்ளிகள் கொண்ட படம் முகநூலின் பரிந்துரையாகும். மிகச் சிறிய படங்கள் ஓரத்தில் சிறு சதுரமாகவே தோன்றும். பழைய நிழற்படங்கள் பெரும்பாலும் வேறு வடிவில் இருப்பதால், இயந்திரம் மேலும் கீழும் வெட்டி, பின்வரிசையில் நிற்போரின் தலைகளை நீக்கிவிடலாம். நாமே முன்கூட்டி அளவாக வெட்டிவைப்பது நலம். படத்தின் கோப்பு கனமாக இருந்தால் புலனம் அதனைக் காட்டாமல் விடுவதுண்டு. எனவே அளவைக் குறைத்துச் சேமித்தல் வேண்டும்.

படத்தின் மீதே தலைப்பை எழுதும் வழக்கமும் உண்டு. 2023 அக்டோபரில் எக்ஸ் தளம் அட்டைகளிலிருந்து தலைப்பை நீக்கியது. பின்னர்ப் படத்தின்மேல் சிறு எழுத்தில் மீண்டும் சேர்த்தது. இத்தகைய மாற்றங்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே படத்தில் ஓரிரு சொற்கள் இருப்பது பயன் தரும். எனினும் படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் இயல்பாகப் படிப்பதில்லை. எனவே படத்திற்குரிய மாற்று விளக்கத்தையும் எழுத்தில் தருதல் வேண்டும்.

செய்யத்தக்கன

பெரும்பாலான பக்க உருவாக்கக் கருவிகளில் குறிச்சொற்களைக் கையால் எழுத வேண்டியதில்லை. வேர்ட்பிரஸில் யோஸ்ட் முதலிய கூட்டுநிரல்கள் சமூக ஊடகத்திற்குரிய தலைப்பு, விளக்கம், படம் ஆகியவற்றிற்குத் தனிக் கட்டங்களைத் தருகின்றன. அவற்றை வெறுமையாக விடாமல் நிரப்புவதே தேவையான பணி. தாமே நிரல் எழுதுவோர் ஒன்றைக் கருத வேண்டும். முகநூல் போன்றவற்றின் படிப்பான்கள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்ப்பதில்லை. ஆகவே குறிச்சொற்கள் பக்கத்தின் மூல நிரலிலேயே இருத்தல் வேண்டும்.

திருத்திய பின்னரும் முகநூலில் பழைய அட்டையே தோன்றலாம். முன்பு எடுத்த படியை அது சேமித்து வைத்திருப்பதே காரணம். ‘ஷேரிங் டீபக்கர்’ என்னும் அதன் சோதனைப் பக்கத்தில் முகவரியை இட்டுப் புதிதாகப் படிக்கச் செய்யலாம். புலனத்தின் நிலை வேறு. அங்கு அனுப்புபவரின் கருவியே அட்டையை உருவாக்கிச் செய்தியோடு அனுப்புகிறது. அனுப்பிய அட்டை பின்னர் மாறுவதில்லை. நாம் திருத்தியபின் மீண்டும் அனுப்ப நேர்ந்ததும் இதனாலேயே. ஆகவே குழுவில் பகிரும் முன், தமக்குத் தாமே ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது எளிய சோதனையாகும்.

வகுப்பறையிலும் இதனைப் பயிற்சியாக்கலாம். பாயிரத்தின் எட்டு உறுப்புகளைக் கற்பித்த பின்னர், தம் பள்ளியைப் பற்றிய ஒரு பக்கத்திற்குத் தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். ஒருவர் பக்கத்திற்கு மற்றொருவர் எழுதுமாறு அமைத்தால், உடன்பயின்றோர் பாயிரம் தரும் மரபும் பேணப்படும். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் பழைய நூலழகுகளே. அவற்றிற்கு இதனினும் எளிய களம் அமைதல் அரிது.

முடிவுரை

முன்காட்சி அட்டை தொழில்நுட்பத்தார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. அது மூன்று வரிகளில் எழுதும் பாயிரம். அதனை எழுதுவதற்குத் தேவையானவை, யாருக்கு எழுதுகிறோம் என்னும் தெளிவும், அவர்கள் தம் இடத்தை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்னும் அறிவுமே ஆகும். இவ்விரண்டும் எந்த இயந்திரத்தினும் தமிழாசிரியரிடம் மிகுதியாக உள்ளன.

வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றின் வரலாறு இன்னும் முதியோர் நினைவிலும் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள நிழற்படங்களிலுமே தங்கியுள்ளது. அவற்றைத் திரட்டும் காலம் நீண்டதன்று. அதற்கென நாம் அனுப்பும் அழைப்பு, ‘ஹோம்’ என்னும் தலைப்போடு அவர்களை அடைதல் ஆகாது. அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயரோடு அடைதல் வேண்டும்.